கேளம்பாக்கத்தில் ஒரு குருட்டுச் சிக்னல்

செல்போன் அலறியது!

"சார், கேளம்பாக்கம் ஜங்ஷன்ல ஒரே ரத்தம்! உடனே வாங்க!"

இன்ஸ்பெக்டர் கலைவாணன்.

பல் துலக்கிய நுரையோடு ஓடினார் ஜானகிராமன். அந்தச் சிக்னலை வடிவமைத்த என்ஜினீயர். கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரரிடம் அதன் பெருமைதான் பேசுவார். ரோட்டைக் கடக்க ஓரத்தில் காத்து நிற்பவர்களைக் கம்பத்து உச்சியில் இருக்கும் கேமரா பார்க்கும். வண்டிகளுக்குச் சிவப்பு விழும். அவ்வளவு சமர்த்து!

இன்று விழவில்லை. கால் மணி நேரம் காத்து நின்ற நர்ஸ் ஜெனிஃபர், பொறுமையிழந்து ஓடினாள்...

வேன்!

"உசுரு இருக்கு. வலது கால் நொறுங்கிடுச்சு," என்றார் கலைவாணன். "கேமரா கண்ணாடியில எவனோ எதையோ அப்பியிருக்கான்."

"ஆனந்தன்தான் சார்! அவன் டிபன் கடை எதிர்ல ரோட்டுக்கு நடுவுல தடுப்பு போட்டேன். யாவாரம் போச்சு, சிக்னலை ஒடைப்பேன்னு ஊரே கேக்கக் கத்தினான்!"

ஆனந்தனின் சட்டை ஏற்கெனவே கான்ஸ்டபிள் கையில்.

"இன்னா சார் பேஜாரு பண்ற? கத்தினது மெய்தான். அத்தோட வூட்டுக்குப் போய்ட்டேன்!"

"ஜீப்ல ஏத்துய்யா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

கழற்றிய கேமராவை நீட்டினார் கலைவாணன். கண்ணாடியில் காய்ந்த மஞ்சள் வட்டம். நடுவில் சிவப்பு.

ஜானகிராமன் முகர்ந்தார்.

சந்தனம்!

நேற்று ஆயுத பூஜை. ராத்திரி ஆளடங்கிய பிறகு ஏணி போட்டு ஏறி, கம்பத்துக்கு மாலை, சிக்னல் பெட்டிக்கு விபூதி... கடைசியில், ஆசை ஆசையாய், கேமராவுக்கு ஒரு பொட்டு.

வைத்தது அவரே!

பார்த்தது மனைவி வரலட்சுமி ஒருத்திதான். அவளா காட்டிக் கொடுப்பாள்? வாயை மூடிக்கொண்டால் போதும்...

ஜீப் உறுமியது.

"சார்... வூட்ல புள்ளைங்க கீதுங்க சார்..."

ஆட்டோக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள், கூட வேலை பார்ப்பவர்கள்... அத்தனை கண்களும் அவர்மேல். ஜானகிராமனுக்குக் காது மடல் சுட்டது. தலை தானாகக் குனிந்தது.

"எறக்கி விடுங்க... வெச்சது நான்தான்."

கலைவாணன் அதிரவில்லை! தன் போனை நீட்டினார். வாட்ஸப் ஸ்டேட்டஸ். ஏணி உச்சியில் பல்லிளிக்கும் ஜானகிராமன், கையில் குங்குமச் சிமிழ்!

"உங்க வீட்டம்மா நேத்தே போட்டாச்சு. என் வீட்டம்மா காலையில காட்டினாங்க. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

ஜீப்பிலிருந்து குதித்த ஆனந்தன் சட்டையை உதறினான்.

"லாரிக்குப் பூஜ போட்டா எலுமிச்சம்பழந்தான் சார் நசுங்கும். நீ போட்ட பூஜைக்கு நர்சம்மா காலே நசுங்கிப்போச்சே!"