காதைப் பார்த்துச் சாவி கொடுத்தவள்

மார்ச் 14, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு, இரண்டாம் குறுக்குத் தெருவின் கடைசி வீட்டு மாடியில் இரண்டு நாள் தங்க ஒரு பெண் வந்தாள். முன்பதிவும் அடையாள அட்டையும் ஒரே பெயரில் இருந்தன. வயது ஐம்பத்திரண்டு. பெட்டி ஒன்று.

வீட்டுக்காரம்மா இருபத்தாறு வருடம் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். ஸ்டுடியோவை மூடியபோது முதலாளி கொடுத்த பேப்பர் கட்டர் இன்னும் கூடத்து மேசையில் இருக்கிறது. அவளுடைய இடது சுண்டு விரலின் நுனியை ஒருநாள் எடுத்துக்கொண்டதும் அதுதான். மாடியை நாள் வாடகைக்கு விடத் தொடங்கியதிலிருந்து, வருகிறவர்களின் அட்டையை நகலெடுத்து, படத்தை அதில் வெட்டிப் பதிவேட்டில் ஒட்டுவாள். அட்டைப் படத்தில் எல்லாருமே கைதாகி வந்தவர்கள் போலத்தான் இருப்பார்கள் என்பதால், முகத்தை அவள் பெரிதாக நம்புவதில்லை. முடியை ஒதுக்கிக் காதைக் காட்டச் சொல்வாள். மீசை வரும் போகும், உடம்பு பெருக்கும் இளைக்கும். காது அப்படியே இருக்கும்.

வந்தவள், கேட்பதற்கு முன்பே முடியை ஒதுக்கினாள். படத்தில் இருந்தது போலவே இடது காதின் சோணை இரண்டாகக் கிழிந்திருந்தது. அது போதும்.

அப்போது தங்கை போன் செய்தாள். தனியாக இருக்கிற அக்கா முன்பின் தெரியாதவர்களை வீட்டில் ஏற்றுகிறாளே என்று, ஆள் வரும் நாளில் வந்ததும் ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவாள்.

"உயிரோடதான் இருக்கேன், சொல்லுடி" என்றாள் அக்கா, வழக்கம்போல. ஒரு நிமிடம் பேசிவிட்டு வைத்தாள்.

வந்தவள் சாவியை வாங்கும்போது சாவியைப் பார்க்கவில்லை. சுண்டு விரலைப் பார்த்தாள்.

"எதுலம்மா போச்சு?"

வீட்டுக்காரம்மா கட்டரைக் காட்டினாள். "அதோ உக்காந்திருக்கான் பாருங்க. விரலத் தின்னவன சும்மா விடலாமா, உக்கார வச்சு வேலை வாங்கிட்டிருக்கேன்."

வந்தவள் சிரிக்கவில்லை. எந்த மூட்டு வரைக்கும் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு மாடியேறிப் போனாள்.

மழை பிடித்திருந்தது. ஜன்னல் தகரத்தில் அது விழும் சத்தத்துக்கு நடுவே, மாடியில் பெட்டியைத் திறக்கும் ஓசையும், யாரோ வாய்க்குள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது போன்ற முணுமுணுப்பும் கேட்க, வீட்டுக்காரம்மா நகலெடுத்த படத்தை வெட்டிப் பசை தடவிப் பதிவேட்டைத் திறந்தபோது, வந்தவள் குனிந்து கையெழுத்துப் போட்ட இடத்தில் ஒரு பொட்டு ஈரத்தைக் கண்டாள். தொட்டாள். சிவப்பு. முகர்ந்தால் மருந்து வாடையும், அதற்கடியில் சீழ் வாடையும்.

பழைய கிழிசலிலிருந்து இரத்தம் வராது.

அட்டையைக் கணினியில் பெரிதாக்கினாள். படத்தில் இருந்த கிழிசல் ஆறி, வழவழப்பாகி, பல வருடம் ஆனது. மடலின் மேல் வளைவு கூர்மையாக இருந்தது. வந்தவளுடையது உருண்டை. கிழிசலைப் பார்த்ததும் மடலைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். இருபத்தாறு வருடத் தொழில் அங்கேதான் சறுக்கியது.

அட்டையிலிருந்த முகவரியை வாடகை இணையதளத்தில் தேடினாள். அதுவும் நாள் வாடகைக்கு விடும் வீடு. அட்டைக்காரிதான் உரிமையாளர். கடைசியாகத் தங்கியவர் ஐந்து நாள் முன்பு எழுதியிருந்தார்: "வீடு சுத்தம். வீட்டுக்காரம்மா காதில் கட்டுப் போட்டிருந்தார். ஆனாலும் நன்றாகக் கவனித்துக்கொண்டார்."

மாடியில் முணுமுணுப்பு நின்றிருந்தது.

போனை எடுத்தாள். காவல் நிலைய எண். முதல் இரண்டு இலக்கம்.

உள்படியில் ஒரு காலடி. இன்னொன்று.

நிமிர்ந்தாள். மாடி அறையில் விருந்தினருக்கென்று வைத்திருந்த இஸ்திரிப் பெட்டி முகத்துக்கு வந்தது.

பல் உடைந்தது. வாய் நிறைந்தது. தரை.

இரண்டாவது அடி காதின் மேல்.

மூன்றாவதைக் கேட்கவில்லை, உணர்ந்தாள்.

கன்னம் தரையில் கிடக்க, ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரம்மாவின் இடது கையைத் தூக்கி, இரத்தத்தைத் துடைத்து, தன் இடது கையோடு சேர்த்து வைத்து, மூட்டுக்கு மூட்டு அளந்தாள். பேனாவால் தன் சுண்டு விரலில் கோடு போட்டாள். எழுந்து மேசைக்குப் போனாள். கட்டரின் கத்தியைத் தூக்கினாள்.

சத்தம் சின்னதுதான். காகிதம் வெட்டுகிற அதே சத்தம்.

வந்தவள் கத்தவில்லை. மூக்கால் ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான். நுனி மேசையிலிருந்து உருண்டு, திறந்திருந்த கண்ணுக்கு எதிரே வந்து நின்றது.

நாலு மணிக்குப் போன் அடித்தது. வெட்டுப்பட்ட கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தவள் எடுத்தாள்.

"உயிரோடதான் இருக்கேன், சொல்லுடி."

அந்தப் பக்கம் தங்கை சிரித்தது தரை வரைக்கும் கேட்டது.

மார்ச் 16, சனிக்கிழமை, மாடிக்கு அடுத்த விருந்தினர் வந்து ஓரிரவு தங்கிப் போனார். ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். வீட்டுக்காரம்மா விரலில் கட்டுப் போட்டிருந்தார், ஆனாலும் நன்றாகக் கவனித்துக்கொண்டார் என்று எழுதினார்.