முப்பத்தோராம் இலக்கத்து வாசல் விளக்கு

எல்லெபார்க்கில் வீடு வாங்கிய முதல் தமிழ்க் குடும்பம் நாங்கள்தான். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கிறது. அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது.

கொப்பன்ஹேகனிலிருந்து வடக்கே, எஸ்-ரெயின் என்கிற புறநகர் ரெயினில் அரை மணி நேரம். ஐம்பதுகளில் யாரோ ஒரு கட்டடக் கலைஞர், மாடு மேய்ந்த வெறும் நிலத்தில் கோடு கீறி உண்டாக்கிய ஊர். நடுவில் ரெயின் நிலையம், அதிலிருந்து விசிறி மாதிரி விரிந்து தொண்ணூற்று நான்கு வீடுகள். எல்லாம் ஒரே வரைபடம், ஒரே மஞ்சள் செங்கல், ஒரே உயரத்தில் வெட்டிய வேலி. அந்தக் காலத்தில் ஆண்கள் எல்லாரும் காலையில் ஒரே ரெயினில் நகரத்துக்கு வேலைக்குப் போய், மாலையில் ஒரே ரெயினில் திரும்பினார்களாம். ஒவ்வொரு வீட்டின் குசினி யன்னலும் நிலையத்துப் பாதையைப் பார்த்தபடி இருக்கும். புருசன் வருவது தெரிந்ததும் மனைவி உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பதற்காக அப்படி வைத்தாராம் அந்தக் கட்டடக் கலைஞர்.

பாதையில் தெருவிளக்கு கிடையாது. கம்பம் நட்டால் ஊரின் அழகு கெட்டுவிடுமாம். அதற்குப் பதிலாக, ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை இருட்டியதும் ஒவ்வொரு வீடும் வாசல் விளக்கைப் போட வேண்டும். நாங்கள் குடிவந்த அன்று வீட்டுக்காரர் சங்கம் ஒரு பூங்கொத்தும் ஒரு சட்டப் புத்தகமும் தந்தது. பூவை என் கணவர் ரஜிதன் தண்ணீரில் வைத்தார். புத்தகத்தை நான் ஒரு வரி விடாமல் படித்தேன். விளக்குச் சட்டத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்தது: முப்பத்தோராம் இலக்கத்துக்கு இது பொருந்தாது, டிசம்பர் 1966.

எங்கள் வீடு முப்பத்தொன்று.

வாசலில் விளக்கு இருந்த இடத்தைச் சீமெந்து பூசி மூடியிருந்தார்கள். அதைத் திறந்து புதிதாக ஒரு விளக்குப் போடச் சொன்னேன். ரஜிதனுக்கு விருப்பமில்லை.

"விடுமப்பா. எங்களுக்குத் தேவையில்லையெண்டு அவங்களே எழுதி வச்சிருக்கிறாங்கள். உமக்கென்ன விசரே?"

"தொண்ணூத்து மூண்டு வீட்டிலயும் வெளிச்சம். தமிழாக்களின்ர வீடு மட்டும் இருட்டோ? நாளைக்கு என்ன கதைப்பாங்கள்?"

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஏணியை எடுத்து வந்தார். கல்யாணம் கட்டிப் பதினொரு வருடத்தில், என்னோடு வாதாடுவதைவிட ஏணியில் ஏறுவது சுகம் என்று கண்டுபிடித்த மனிதர்.

இன்னொன்றும் செய்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் முன்கதவு திறந்திருக்க வேண்டும். ஹோர்சன்ஸில் நான் வளர்ந்த வீட்டில், பனி கொட்டினாலும் அம்மா ஐந்து நிமிடம் கதவைத் திறந்து வைப்பார். சூடெல்லாம் போகிறது என்று அப்பா கத்துவார். இலட்சுமி வருகிற நேரம் என்று அம்மா அசையமாட்டார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிவிட்டது. சாமித்தட்டில் விளக்கேற்றி, வாசல் விளக்கைப் போட்டு, கதவை அகலத் திறந்தேன்.

நவம்பர் தொடக்கம். மாலை நாலரைக்கே கரி பூசிய மாதிரி இருட்டு. ரஜிதனின் ரெயின் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

முதல் நாள், சரளைக்கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத நடை. எங்கள் வேலிப் படலைக்கு நேரே வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. நனைந்த கம்பளிக் கோட்டின் மணம் மட்டும் வந்தது.

இரண்டாம் நாள், வாசற்படியில் ஒரு சப்பாத்தின் ஈரத் தடம் இருந்தது. அன்று மழை இல்லை.

தடம் உள்ளே பார்த்தபடி இருந்தது.

மூன்றாம் நாள் நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்கதவடியில் மகள் துவாரகாவின் குரல். அவளுக்கு ஆறு வயது. தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை.

"ஹாய், ஃபார்," என்றாள். ஃபார் என்றால் அப்பா.

ரஜிதன் வேளைக்கே வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோசம். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். திறந்த கதவுக்கு முன்னால் அவள் தனியாக நின்றாள். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள்.

"ஆரோட கதைச்சனி?"

அவள் டேனிஷில் சொன்னாள்: "மற்ற அப்பாவோடு. அவருக்குக் கை குளிருதாம்."

கதவை அடித்துச் சாத்தினேன். ரஜிதன் வந்ததும் சொன்னேன். பிள்ளைகள் இப்படித்தான் கற்பனை பண்ணும் என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். விளக்கை மட்டும் நிற்பாட்டவில்லை. பக்கத்து வீட்டார் பார்க்கிறார்களே!

நான்காம் நாள் மூடுபனி. வேலியே தெரியவில்லை. விளக்கைப் போட்டுப் பழக்கத்தில் கதவையும் திறந்தபோது, இருபத்தொன்பதாம் இலக்கத்து பிர்கிட் ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். எண்பத்தாறு வயது. இந்த ஊர் முளைத்த நாளிலிருந்து இங்கே இருப்பவர். குளிர் காலத்தில் வெளியே வரவே மாட்டார்.

"யார் இந்த விளக்கைப் போட்டது?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

அவரைக் குசினிக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினேன். கதவு திறந்தே கிடந்ததை மறந்துவிட்டேன்.

"இங்கே ஹோல்கர் என்று ஒருவர் இருந்தார். வங்கியில் வேலை. தினமும் அவர் மகள் வாசலில் நின்று, கையைத் தூக்கி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவாள். ஒரு நாள் காலையில் புருசனுக்கும் மனைவிக்கும் சண்டை. அன்று மாலை அவள் கோபத்தில் விளக்கைப் போடவில்லை. இதே மாதிரி மூடுபனி. எல்லா வீடும் ஒரே மாதிரி. இருட்டில் தன் வீடு எது என்று அவருக்குத் தெரியவில்லை. தாண்டிப் போய்விட்டார். கடைசி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில்தான் காலையில் அவர் உடலை எடுத்தார்கள்."

யன்னலுக்கு வெளியே வெள்ளையாக மூடுபனி அசைந்தது.

"பிறகு அந்த மனைவி குற்ற உணர்ச்சியில் தினமும் விளக்கைப் போட்டாள். அவர் வந்தார். வாசலில் குழந்தை நின்றாள்." பிர்கிட் என் கையைப் பிடித்தார். "அவருக்கு வீட்டுக்குள் வரத் தெரியாது. போன வழி மட்டும்தான் தெரியும். குழந்தையையும் அதே குளத்தில்தான்..."



கூடத்தில் துவாரகாவின் சத்தமே இல்லை.

ஓடினேன். கதவுக்கு வெளியே அவளுடைய ஒரு வீட்டுச் செருப்பு கிடந்தது. நிலையத்துப் பக்கம் பார்த்தேன். பிறகுதான் புத்தி வந்தது. மறுபக்கம் ஓடினேன், குளத்துப் பக்கம். இரண்டு பக்கமும் வாசல் விளக்குகள் மங்கலாக வந்து வந்து போயின. ஒன்றுபோல் தொண்ணூற்று நான்கு. எனக்கே என் வீடு எது என்று மறந்துபோகும் போலிருந்தது.

கடைசி வீட்டுக்கு அப்பால் அவளுடைய சிவப்புச் சட்டை தெரிந்தது. ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. சரளைக்கல்லில் இரண்டு பேர் நடக்கும் சத்தம்.

இடுப்பில் பிடித்து இழுத்தேன். அவள் உடல் என்னோடு வந்தது. அந்தக் கை வரவில்லை.

இழுக்க இழுக்க, மறுபக்கம் யாரோ இழுத்தார்கள்.

"விடுங்கோ! இது உங்கட பிள்ளையில்லை! என்ர பிள்ளை!"

தமிழில் கத்தினேன், டேனிஷில் கத்தினேன். காலடியில் சேறு. ஒரு அடி, இன்னொரு அடி, தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. இந்த உலகத்தில் எனக்கு அவளை விட்டால் வேறொன்றும் வேண்டாம் என்று அந்த நேரம் தெரிந்தது. வீடும் வேண்டாம், ஊரும் வேண்டாம், யார் என்ன கதைத்தாலும் வேண்டாம்.

திடீரென்று கை விடுபட்டது. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். திரும்பிப் பார்த்தபோது, மூடுபனிக்குள் மங்கித் தெரிந்த விளக்கு வரிசையில் ஒன்று இல்லை. பிர்கிட் எங்கள் விளக்கை அணைத்திருந்தார்.

அன்றிரவே காரில் ஏறி, இஷொய் நகரில் என் அக்கா சுஜீதாவின் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆறாம் மாடி. நீளமான நடைபாதை, வரிசையாகக் கதவுகள், பக்கத்து வீட்டு மீன்குழம்பு மணம். எனக்கு அது கோயில் மாதிரி இருந்தது. எல்லெபார்க் வீட்டை விற்கக் கொடுத்துவிட்டோம். அக்காவிடம் எல்லாம் சொன்னேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், சாவைக் கண்டு பழகியவள். எனக்காக மாலையில் கதவைத் திறக்காமல் விட்டாள். மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

நேற்றுக் கார்த்திகை விளக்கீடு.

நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, வாசல் நிலையில் வரிசையாக அகல்விளக்குகள் எரிந்தன. கதவு அகலத் திறந்திருந்தது.

"அக்கா! கதவைச் சாத்து!"

"விளக்கீட்டுக்கும் கதவைப் பூட்டி வச்சிருக்கேலுமே அஜி? அஞ்சு நிமிசம்தானே. இது ஆறாம் மாடியடி, இஞ்ச ஆர் வரப்போகினம்?"

இந்தக் கட்டடத்து நடைபாதை விளக்குகள், ஆள் நடந்தால் மட்டும் எரிகிறவை.

லிஃப்ட் பக்கத்து விளக்கு எரிந்தது. லிஃப்ட் வந்த சத்தம் கேட்கவில்லை.

அடுத்தது எரிந்தது.

அதற்கடுத்தது.

நனைந்த கம்பளி மணத்தில் அக்காவின் முகம் மாறியது. விளக்கை ஊதி அணைக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் சொல்லித் திரிந்தவள், குனிந்து ஒவ்வொன்றாக ஊதி அணைத்தாள். ரஜிதன் பாய்ந்து கதவைச் சாத்திப் பூட்டினார். சாத்தும்போது கீழே பார்த்தேன். ஈரத் தடங்கள் நிலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தன.

துவாரகா கதிரையிலிருந்து இறங்கிக் கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. கை இறங்கவில்லை.

இப்போது விடியப்போகிறது. அவள் தூங்குகிறாள். அவளுடைய இடது கையை இரவு முழுவதும் நான் விடவில்லை. வலது கை கட்டிலுக்கு வெளியே, காற்றில் உயர்ந்து, எதையோ பிடித்தபடி மூடியிருக்கிறது. மூன்று தரம் சட்டை மாற்றிவிட்டேன். அந்தக் கைப்பக்கம் மறுபடியும் நனைகிறது.