ஒன்று முதல் நான்கு வரை மிஷின் ஓடாது

என் பெயர் ஆதீஷ். வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். இப்போது இருப்பது காஞ்சிபுரம் செவிலிமேட்டில், கண்ணாயிரம் என்பவர் தன் வீட்டுக்குப் பின்னால் நடத்தும் மர அறுவை மில்லில், மிஷின் அறைக்குள். கதவு வெளியே தாழிட்டிருக்கிறது. மணி ஒன்று நாற்பது. நல்ல வெயில் நேரம்.

விரல் முட்டியெல்லாம் தேய்ந்திருக்கிறது. அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. உள்ளே சிக்னல் கிடையாது. மரத்தூளை வெளியே தள்ளச் சுவரின் அடியில் கையளவு ஓட்டை ஒன்று உண்டு. போனை அதன் பக்கத்தில் தரையோடு வைத்தால் ஒரு கோடு வந்து வந்து போகிறது. கூப்பிட்டால் கட் ஆகிறது. எழுதியது எப்போதாவது போய்ச் சேரும். ஜனனி, நம் அம்மாவுக்கு நீ படித்துக் காட்டு. மெதுவாகப் படி. எனக்குப் பயத்தைவிட அசதிதான் அதிகமாக இருக்கிறது.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் பையோடு வந்து இறங்கினேன். பச்சை கேட். உள்ளே வேம்பும் புளியும் மா மரமும் அடுக்கிக் கிடந்தன. கசப்பு வாசனை, மிஷின் ஆயில் வாசனை. கண்ணாயிரம் மில் ஆரம்பித்தபோது சுற்றிலும் வயலாம். இப்போது மூன்று பக்கமும் வீடுகள். மொட்டை மாடிக் கொடிகளில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் காய்கிறது. கேட்டில் நீல பெயிண்டில் எழுதியிருந்தது: ஒன்று முதல் நான்கு வரை மிஷின் ஓடாது.

"இது யாருக்குண்ணே எழுதிவெச்சது?" என்று கேட்டேன்.

"எல்லாம் பக்கத்து வூட்டு தேவகியம்மாவுக்குத்தான். ஆஸ்பத்திரில நைட் டூட்டி நர்ஸு. அது தூங்கறதே அந்த மூணு மணி நேரம்தான்பா. அதுவும் மனுஷிதானே."

அறையைக் காட்டினார். சத்தம் வெளியே போகாதிருக்க அவரே கட்டியது. இரட்டைச் சுவர், நடுவில் மரத்தூள் மூட்டைகள். மோட்டாருக்கு அடியில் லாரி டயர் ரப்பர். கூரைக்கு அடியில் தென்னை நார் மெத்தை. நாலு விரல் கனத்தில் கதவு, அதன் ஓரமெல்லாம் பழைய கம்பளி. மிஷின் அதிர்வில் கதவு விலகிவிடும் என்பதால் உள்ளே தாழ்ப்பாள் இல்லை. ஒருவன் உள்ளே போனதும் வெளியே நிற்பவர் குறுக்குக் கட்டை போட வேண்டும். தூள் படக்கூடாது என்று மோட்டார் சுவிட்சையும் வெளியேதான் வைத்திருந்தார். உள்ளே இருப்பவனுக்கு ஒரு பித்தான் மட்டும். அமுக்கினால் வெளியே, கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரிய வேண்டும். மணி வைத்தால் அதுவும் ஒரு சத்தம் அல்லவா.

ஹோல்டர் இருந்தது. பல்பு இல்லை.

"ஃபீஸ் போச்சுபா. அரை மணிக்கு ஒருதரம் நானே தொறந்து பாக்கறேன். பல்பு இன்னாத்துக்கு?" என்றார் கண்ணாயிரம், ஹோல்டரைப் பார்க்காமலே.

அம்மா, மரம் அறுக்கிற வேலை நம் சமணக் குடும்பத்துக்கு ஆகாது என்று நீ அழுதாய். விறகை அடுப்பில் வைக்கும் முன் நீ தட்டுவது போல, வாள் படும் முன் ஒவ்வொரு மரத்தையும் தட்டுவதாக உனக்குச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன். தவறவில்லை. கதவு மூடியதும் கொட்டாப்புளியால், அதுதான் மரச்சுத்தியல், மூன்று முறை தட்டுவேன். "உள்ள இருக்கறவங்க வெளிய வந்துடுங்க" என்று சொல்வேன். எறும்பும் வண்டும் போவதற்கு நூறு எண்ணுவேன். வெளியே கண்ணாயிரமும் கட்டை போட்ட பிறகு நூறு எண்ணித்தான் மிஷினைப் போடுவார்.

"இன்னா நயினாரே, எறும்புக்கெல்லாம் பத்திரிகை வெச்சாச்சா?" என்று சிரிப்பார். "ஒரு குடும்பமாவது ஆட்டோ புடிச்சிப் போச்சா?"

கிண்டல் செய்தாலும் நூறை விட மாட்டார். பொழுது சாய்வதற்குள் நான் சாப்பிட வேண்டும் என்று ஐந்தரைக்கே வேலையை நிறுத்திவிடுவார். நல்ல மனிதர்தான்.

போன வாரம் தேவகியக்கா கேட்டில் வந்து நின்றார். மாலை நாலேகால். கண் சிவந்திருந்தது.

"தம்பி, மிஷின் சத்தம் சுத்தமா வர்ல. அதுக்கு தேங்க்ஸ். ஆனா அந்தத் தட்டறத மட்டும் நிறுத்துப்பா."

"எந்தத் தட்டறதுக்கா?"

"ஒரு மணிக்கு மேல. மூணு தட்டு. கொஞ்சம் நிக்கும். மறுபடி மூணு. என் படுக்கை ரூம் சுவத்துல கேக்குது."

"ஒரு மணிக்கெல்லாம் நாங்க சாப்ட்டுப் படுத்துடறோம்கா. உள்ள யாரும் போறதில்ல."

அவர் கோபப்படவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டார். "வார்டுல பேச முடியாதவங்க கட்டில் கம்பியத் தட்டிக் கூப்புடுவாங்க. அந்த மாதிரி தட்டுது. தூக்கத்துலயே எழுந்து செருப்பு மாட்டிக்கினு நின்னுடறேன், யார் பெட்டுன்னு தெரியாம."

"எப்போலர்ந்துக்கா?"

"நீ வந்ததுலர்ந்து."

கண்ணாயிரம் முகம் வெளுத்துவிட்டது. இன்னொரு புகார் வந்தால் மில்லை மூடிவிடுவதாக அவர் ஏற்கெனவே மாநகராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தேவகியக்கா மனு எழுதிவைத்திருந்தார். இந்த வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். "டேய், உன் தட்டறத நிறுத்து முதல்ல. மில்லு போனா நீயும் ஊருக்குத்தான் போவணும்" என்றார் கண்ணாயிரம்.

ஊரில் என்ன இருக்கிறது ஜனனி, உனக்கே தெரியும். நிறுத்தினேன். அம்மா, மன்னித்துவிடு. நாலு நாள் தட்டாமல் அறுத்தேன். தேவகியக்காவுக்கு மட்டும் தட்டல் நிற்கவில்லை.

ஐந்தாவது நாள் காலை, மனசு கேட்காமல், ஒரு மா மரத்தை மூன்று முறை தட்டினேன். வழக்கம்போலக் கூப்பிட்டேன். எண்ண ஆரம்பித்தேன்.

பதினொன்று எண்ணும்போது சுவருக்குள் இருந்து பதில் வந்தது.

மூன்று தட்டு.

அந்தச் சுவருக்குள் மரத்தூள் மூட்டைதான். மூட்டையைத் தட்டினால் பொத்தென்று கேட்கும். இது விரல் முட்டியால் பலகையைத் தட்டுவது போலக் கேட்டது. கூடவே ஒரு வாசனை. அப்போதுதான் அறுத்த தேக்கின் வாசனை.

நான் வந்ததிலிருந்து இங்கே தேக்கு அறுக்கவே இல்லை.

நேற்று மத்தியானம் சிவப்பு பல்பு ஒன்று வாங்கி வந்து ஹோல்டரில் மாட்டினேன். உள்ளே அகப்பட்டுக்கொண்டால் கூப்பிட ஒரு வழி வேண்டாமா என்று நினைத்தேன், அவ்வளவுதான். கதவு திறந்திருந்தது. அறையில் யாரும் இல்லை. நாங்கள் இருவரும் வெளியே நின்றோம்.

பல்பு எரிந்தது.

அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

கண்ணாயிரம் அப்படியே மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கலைவாணன்னு ஒருத்தன் இருந்தான்பா. ஓரிக்கைப் பையன். ரெண்டு வருஷம் ஆச்சு. சுவரு கட்டி முடிச்ச மொத நாளு. சத்தம் வெளிய போவுதா பாக்கலாம்னு ரெண்டு மணிக்கு அவன உள்ள வுட்டேன். தேக்கு. கட்டையப் போட்டு, மிஷினப் போட்டுட்டு, நான் தேவகி வூட்டுக்குப் போயி உக்காந்துக்கினேன். 'கேக்குதாமா?'ன்னேன். 'ஒண்ணுமே கேக்கலண்ணே'ன்னுச்சு. எனக்கு அவ்ளோ சந்தோஷம். டீ போட்டுக் குடுத்துச்சு. குடிச்சேன். இன்னொண்ணு போடட்டுமான்னுச்சு. அதையும் குடிச்சேன்."

"அப்புறம்?"

"வாள் அறுந்து தொடையில வெட்டியிருக்குது. நான் வந்து பாக்கும்போது பல்பு எரிஞ்சிக்கினு இருந்துச்சு. ஒரு மணி நேரம் உசுரு இருந்திருக்கும்னாரு டாக்டரு. பித்தான்லர்ந்து வெரலு எடுக்கவே இல்லடா அவன். சுவத்துல வெரல் முட்டி தேஞ்ச ரத்தம்."

"தேவகியக்காவுக்குத் தெரியுமா?"

"வாள் அறுந்து செத்தான்னு தெரியும். அந்த ரெண்டாவது டீ தெரியாது."

இரண்டு வருஷம் கலைவாணன் சத்தமில்லாமல் இருந்திருக்கிறார், அம்மா. நான்தான் தினமும் தட்டித் தட்டி, உள்ளே இருக்கிறவர்களை வெளியே வரச் சொன்னேன். எறும்புக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. கண்ணாயிரம் ஒரு வழி சொன்னார். "ஒரு மணிக்கு நான் தேவகி வூட்ல உக்காந்து, தட்டறது கேக்குதான்னு பாக்கறேன். நீ உள்ள உக்காரு. கூட ஒரு ஆளு இருந்தா அவன் தட்டமாட்டான்பா. ஒரே ஒரு நாளு அந்தம்மா நல்லாத் தூங்கட்டும். மனுவக் கிழிச்சிடும்."

ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்பாய். வேலை ஒரு காரணம். இன்னொன்று, கூப்பிட்டவன் நான். வெளியே வரச் சொல்லிவிட்டுக் கதவை மூடி வைத்திருந்தால் அது என்ன நியாயம்?

ஒரு மணிக்கு உள்ளே வந்தேன். என்னால் தூக்க முடியாத அளவு கனமான வேப்பங்கட்டையை உருட்டி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து, அகலத் திறந்து வைத்தேன். கண்ணாயிரம் பக்கத்து வீட்டுக்குப் போவதைப் பார்த்தேன். கொட்டாப்புளியை எடுத்து மரத்தை மூன்று முறை தட்டினேன்.

"கலைவாணண்ணே, கதவு தொறந்துதான் கீது. வெளிய வந்துடுண்ணே."

எண்ணினேன். ஐம்பது வரை ஒன்றுமில்லை. அறுபதில் தேக்கு வாசனை மூக்கை அடைத்தது. எழுபதில் தரையில் இருந்த மரத்தூள் மெல்ல விலகியது. ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்துக்கொண்டு போனால் விழுமே, அப்படி ஒரு கோடு. சுவரோரத்தில் ஆரம்பித்து, என் முழங்காலைக் குளிராகத் தொட்டுவிட்டு, வாசல் வரை போனது.

வாசலைத் தாண்டியது.

வாசனை போய்விட்டது. அறை காலியாகிவிட்டது என்று உடம்புக்கே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது வேப்பங்கட்டை உள்பக்கமாக உருண்டது.

கதவு மூடியது. சத்தமே இல்லை, சத்தம் வராத கதவு அல்லவா. ஓடிப்போய்க் கையை வைத்தேன். வெளியே குறுக்குக் கட்டை விழுந்த அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது.

ஒருவன் உள்ளே இருந்தால் வெளியே நிற்பவர் கட்டை போட வேண்டும். அதுதான் இங்கே வேலை முறை. கலைவாணனும் இங்கே வேலை பார்த்தவர்தானே.

கத்தினேன். தொண்டை கம்மிவிட்டது. ஓட்டைக்கு மேலே இருக்கிற பித்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறேன். பல்பு நான் மாட்டிய புது பல்பு, நிச்சயம் எரிந்துகொண்டிருக்கும். பார்க்கத்தான் ஆள் இல்லை. கண்ணாயிரம் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இன்று சுவரில் ஒரு தட்டலும் கேட்டிருக்காது. தேவகியக்கா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவர் எழுந்திருக்கும்வரை கண்ணாயிரம் அசைய மாட்டார்.

நானும் சுவரைத் தட்டிப் பார்த்தேன். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். உயிரோடு இருப்பவன் தட்டினால் இந்தச் சுவர் விடாது போலிருக்கிறது.

மணி ஒன்று ஐம்பத்தாறு.

இப்போது கதவில் ஏதோ கேட்கிறது.

டொக்.

டொக்.

டொக்.

வெளியே இருந்து. முட்டியால் தட்டுகிற சத்தம் இல்லை. மரத்தால் மரத்தைத் தட்டும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். கொட்டாப்புளி நான் வைத்த இடத்தில் இல்லை.

அம்மா, தட்டிய பிறகு நூறு எண்ண வேண்டும். உயிர் உள்ளவை வெளியே போவதற்கு அவ்வளவுதான் நேரம். அதற்குப் பிறகு மிஷின் ஓடும். சுவிட்ச் வெளியே இருக்கிறது. வாள் அறுந்தால் இந்த அறையில் ஒதுங்க இடமில்லை. மிஷினிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, ஓட்டைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நானும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எத்தனையில் இருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஜனனி, அந்த இடத்தை அம்மாவுக்குப் படிக்காதே. பொழுது சாய்வதற்குள் அவளைச் சாப்பிடச் சொல். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், செவிலிமேட்டில் பச்சை கேட் போட்ட வீடு. பின்பக்கம் வாருங்கள். கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கும். குறுக்குக் கட்டையை எடுத்துத் திறந்துவிடுங்கள்.

தயவுசெய்து கதவைத் தட்டாதீர்கள்.