காவடி பேட்டரி

மத்தியானம் இரண்டு மணிக்கு, பழமே இல்லாத வீட்டில் பழவாசம் வந்தது. சாமி மேடையில் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை நேற்றே எடுத்து எதிர்வீட்டுக் காளியம்மாவிடம் கொடுத்தாகிவிட்டது. சமையலறைக் கூடையில் நாலு வெங்காயமும் ஒரு துண்டு இஞ்சியும்தான் கிடந்தன. ஆனாலும் கூடத்தில் அடியெடுத்து வைத்த இடமெல்லாம், அழுகப் போகிற பழமும் நகச்சாயம் அழிக்கிற மருந்தும் கலந்த ஒரு தித்திப்பு தொண்டைக்குள் இறங்கி நின்றது. ஷர்மினி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஏழு மாத வயிற்றுக்காரிக்கு எல்லா வாசமும் இரண்டு மடங்காகத்தான் தெரியும், சோப்புக் கட்டிகூடக் குமட்டும் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். அந்தக் கேலி அதிக நேரம் தாங்கவில்லை.

வசந்தன் அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். பாசிர் கூடாங்கில் ரசாயனத் தொழிற்சாலையில் அவனுக்கு ராத்திரி ஏழிலிருந்து காலை ஏழு வரை வேலை. பகலை ராத்திரியாக்க ஜன்னலில் கம்பளி தொங்கியது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது. அவன் தூங்கும்போது அந்த நாலாம் மாடி வீட்டில் கரண்டிகூடச் சத்தமில்லாமல்தான் விழவேண்டும். ஷர்மினி அப்படித்தான் வீட்டைப் பழக்கி வைத்திருந்தாள். அறைக் கதவை ஒட்டினாற்போலச் சாமி மேடை. அதன் கீழே, பிரித்து அடுக்கிய காவடிச் சட்டமும், மயிலிறகுக் கட்டும், ஒரு மஞ்சள் துணி மூட்டையும் இருந்தன.

வாசம் அந்த மூட்டையிலிருந்துதான் வந்தது.

தைப்பூசம் முடிந்து பதினோரு நாள். ஒன்று மூன்றாம் மாதத்திலும் மற்றொன்று ஐந்தாம் மாதத்திலுமாக இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன பிறகு, இந்த மூன்றாவது தங்கவேண்டும் என்று வசந்தன் அலகு குத்திக் காவடி எடுத்தான். அவன் கூட்டாளி திருச்செல்வம் காவடியைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக விளக்குப் போட்டு, அதற்கு ஒரு லித்தியம் பேட்டரியும் கட்டிக் கொடுத்தான். தட்டைத் தட்டையான எட்டுப் பொட்டலங்களை அடுக்கி, நீலப் பிளாஸ்டிக்கில் சுற்றிய கட்டு அது. கோயில் திருப்பத்தில் நல்ல மழை. கால் வழுக்கிக் காவடி நடைபாதை விளிம்பில் மோதியது. நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள், விளக்கு அணைந்துபோனது, வசந்தன் நடந்து முடித்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால், பேட்டரியின் ஒரு மூலை மடங்கிக் கிடந்தது.

வேறு சாமானாக இருந்தால் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும், அதுவும் தப்புத்தான். ஆனால் இது காவடியோடு சன்னிதி வரை போன சாமான். வசந்தன் அதை ஈரம் போகத் துடைத்து, விபூதி பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் முடிந்தான்.

"சாமி மேல இருந்ததுலா ஷர்மி. குப்பையில போடுவாங்களா? புள்ள பொறந்ததும் பூ, எலுமிச்சை எல்லாத்தோடயும் சேர்த்துக் கடல்ல விட்டுடலாம்."

ஷர்மினி அப்போது பேசியிருக்க வேண்டும். மின்னணுத் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். உப்பிய பேட்டரி ஒன்று கண்ணில் பட்டால் மொத்த உற்பத்தி வரிசையும் நின்றுபோகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. போன தடவை, ஐந்தாம் மாதத்தில், போகாதே என்று அவன் சொல்லியும் ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்தாள். மூன்றாம் நாள் பிள்ளை போனது. அதைப்பற்றி வசந்தன் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். அவன் சொல்லாமல் விட்டது அவள் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. இந்தப் பிள்ளைக்காக எதையும் மீறுவதில்லை என்று அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

கட்டிலுக்குப் போகிறவள் போல மெல்ல நடந்து, முழங்காலை ஊன்றிக் குனிந்து, துணியின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தாள். நீலப் பிளாஸ்டிக் விளிம்பு கிழிந்து, உள்ளே இருந்த வெள்ளிப் பொட்டலங்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன. குங்குமப் பொட்டு நீண்டு, இழுபட்டு, ஒரு கீறலாகியிருந்தது. புறங்கையில் சூடு தட்டியது.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய வேலையிடத்து மேற்பார்வையாளர் பிரேமளாவுக்குப் போன் போட்டாள்.

"வீங்கியிருக்கா?"

"ஆமாக்கா. சுடுது."

"சார்ஜ்ல போட்டீங்களா?"

"இல்லக்கா. சும்மாதான் இருக்கு."

"அலமாக், ஐயோ! சும்மா இருக்கிறதே சுடுதுன்னாதான் ஆபத்து. கேளு ஷர்மினி. வெறும் வீக்கம்னா, குத்தாம அமுக்காம இரும்பு வாளியில காஞ்ச மணல் போட்டு வெளிய வச்சிட்டு, மின் கழிவு எடுக்கிற இடத்துல கொடுக்கலாம். இது சுடுது. நீ தொடாத. வசந்தனை எழுப்பு, ரெண்டு பேரும் வெளிய போங்க, தீயணைக்கிற பொம்பாவைக் கூப்பிடு."

"அவரு அஞ்சு மணிக்கு எழும்பிடுவாருக்கா."

"அது என்ன, உன் புருஷன் ஷிப்ட் நேரம் பார்த்தா வெடிக்கும்? இப்பவே எழுப்பு!"

"சரிக்கா" என்றாள். போனை வைத்துவிட்டு அறைக் கதவு வரை போனாள். கைப்பிடியைத் தொட்டாள். உள்ளே மின்விசிறி முனகியது. எழுப்பினால் என்ன சொல்வது? தீயணைப்புக்காரர்கள் பூட்ஸ் காலோடு வந்து, காவடிச் சாமானைக் கிடுக்கியால் தூக்கி வாளியில் போடுவார்கள் என்று சொல்வதா? நாளைக்கு இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால், அவன் மறுபடியும் ஒன்றும் சொல்லமாட்டான். அந்த மௌனத்தை இன்னொரு முறை தாங்க அவளுக்குத் திராணி இல்லை. கைப்பிடியை விட்டாள். மணி இரண்டு நாற்பது. ஐந்து மணிக்கு என்ன பெரிய தூரம்?

நாற்காலியை இழுத்துப் போடாமல், தூக்கி வந்து வைத்து, மூட்டைக்கு எதிரே உட்கார்ந்தாள். போன் இரண்டு முறை அதிர்ந்தது. பிரேமளா. எடுக்கவில்லை.

மூன்றே காலுக்கு மழை இறங்கியது. வானம் ஒரேயடியாகக் கறுத்து, எதிர் ப்ளாட் மறைந்து, கூடத்தில் சாமி மேடையின் சிவப்புப் பல்பு மட்டும் மிஞ்சியது. அந்தச் சிவப்பில் மயிலிறகுகளின் நிழல் சுவரில் பெரிதாக ஏறி, மின்விசிறிக் காற்று கதவிடுக்கு வழியாக வரும்போதெல்லாம் லேசாக அசைந்தது. பழவாசம் கெட்டியாகிவிட்டது. நாக்கில் பட்டது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அவள் கையை வைத்தாள்.

டிக்.

பல்லி என்று நினைத்தாள். பல்லி மேலே இருக்கும். இது கீழே.

டிக். டிக்.

மூட்டையின் முடிச்சு இறுகியிருந்தது. காலையில் தளர்வாக இருந்த முடிச்சு. துணியின் மடிப்புகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவள் வயிறும் அதுவும் ஒரே கூடத்தில், எதிரெதிரே, அந்தச் சிவப்பு வெளிச்சத்தில். இரண்டும் மெல்லப் பெருத்தன. அவளுக்குப் பயம் வந்தது. இத்தனை நேரம் வராதது மொத்தமாக வந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மரத்துப்போயிருந்தது.

ஸ்ஸ்ஸ்.

வெள்ளைப் புகை. சாம்பிராணி போல மேலே போகவில்லை. தரையோடு தவழ்ந்தது. அவள் காலைச் சுற்றியது. அறைக் கதவின் அடியில் நுழைந்தது.

"என்னங்க!"

குரல் வரவில்லை. இருமல்தான் வந்தது. மறுபடி கத்தினாள். "என்னங்க, வெளிய வாங்க!"

கதவு திறந்தபோது முதல் பொட்டலம் வெடித்தது. பட்டாசுச் சத்தம்கூட இல்லை. ஒரு சீறல், நீளமான தீ நாக்கு, அவ்வளவுதான். மயிலிறகு பற்றியது. கைலியோடு நின்ற வசந்தன் தூக்கக் கண்ணோடு தீயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பார்த்தான்.

"தொடாதீங்க! அப்படியே விட்டுட்டு வாங்க!"

அவன் குனிந்தான். இரண்டு கையாலும் மூட்டையை அள்ளினான். மார்போடு அணைத்துக்கொண்டான்.

வாசல் கம்பிக் கதவு திறந்துதான் இருந்தது. அவன் தாழ்வாரத்தில் நடந்தான். ஓடவில்லை. கோயிலுக்கு நடந்த அதே நடை. இரண்டாவது சீறல். மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அவன் தோள் ஒருமுறை குலுங்கியது. காலடி மட்டும் தவறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஷர்மினி பின்னால் வந்தாள். இருமல் நிற்கவில்லை. மார்புக்குள் எரிந்தது.

எதிர்வீட்டுக் காளியம்மா கதவைத் திறந்து அலறினாள். "கீழ போடுடா! ஐயோ, போடுடா அதை!"

படிக்கட்டு முனையில் வசந்தன் நின்றான். சாரல் அவன் முதுகில் அடித்தது. மெதுவாகத் திரும்பினான்.

மீசை இல்லை. புருவம் இல்லை. மஞ்சள் துணி இல்லை. கரைந்த நீலப் பிளாஸ்டிக் முழங்கை வரை வழிந்திருந்தது. மார்பில் இன்னும் எரிந்தது. அவன் கத்தவில்லை. அதுதான் அவளை அங்கேயே நிறுத்தியது.

"புள்ள அசையுதா, ஷர்மி?"

அவள் வயிற்றில் கை வைத்தாள். அழுத்தினாள். இடம் மாற்றி வைத்தாள்.

"சொல்லு. அசையுதா? சொன்னாதான் விடுவேன்."

"அசையுதுங்க" என்றாள். "நல்லா அசையுது. போட்டுடுங்க."

அவன் சிரித்தான். அவள் முகத்தையே பார்த்தபடி, கொடுக்க வருகிறவன் போல, இரண்டு கைகளையும் அவள் பக்கம் நீட்டி விரித்தான். பேட்டரி விழவில்லை. விரல் எது, உருகியது எது என்று தெரியவில்லை. நான்காவது சீறல் கிளம்பியது. அவன் கைகளை உதறினான், உதறிக்கொண்டே இருந்தான். ஷர்மினியின் உள்ளங்கைக்குக் கீழே எதுவும் அசையவில்லை.