கவிழ்த்த தகரம்

ஜஹீரா ஒருமுறை கை தட்டினாள். பள்ளத்துக்கு எதிரே நின்ற பாறையில் பட்டு எதிரொலி வந்தது. கொடைக்கானல் பஜாரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவரின் மகள் அவள். எந்த வெட்டவெளிக்குப் போனாலும் முதலில் கை தட்டிப் பார்ப்பது அத்தாவிடமிருந்து வந்த பழக்கம். இன்னொரு முறை தட்டக் கைகளை விரித்தாள்.

உள்ளங்கைகள் சேர்வதற்கு முன்பே எதிரொலி வந்துவிட்டது.

விரித்த கைகளோடு அப்படியே நின்றாள்.

"என்ன தாயி, கையத் தட்டி யாரக் கூப்புடுற?" பூண்டு வயலிலிருந்து சிவபாக்கியம் கேட்டாள். "போதும். அந்தப் பயலுக மூணு வருசம் இங்கன போட்ட சத்தத்துல எம் பூண்டு தலையே தூக்கல."

மூன்றே வருடம்தான் நடந்தது அந்த ராக் இசைத் திருவிழா. கூக்கால் கிராமத்துக்கு மேலே, பஸ் அபூர்வமாக வரும் இந்தப் புல்வெளியில், ஊர் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் கூடாரம் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஸ்பீக்கர்கள் அத்தாவுடையவை. அவற்றைப் பார்த்துக்கொண்டவன் ஜஹீராவின் தம்பி தமீம் அன்சாரி. மூன்றாம் வருடம் கடைசி நாள், வெயில் இருக்கும்போதே மேகம் இறங்கியது. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. கூட்டம் சிதறிப் பள்ளத்துப் பக்கம் நகர ஆரம்பித்தபோது, வாத்தியக்காரர்கள் விட்டுவிட்டு ஓடிய டிரம்ஸில் தமீம் உட்கார்ந்து அடித்தான். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வரட்டும் என்று.

அது அவன் கண்டுபிடித்ததல்ல. இந்த மலையில் மேகம் இறங்கினால் வயலோரம் ஒருவர் நின்று தகரத்தைத் தட்டுவார். உள்ளே இருப்பவர்கள் அந்தச் சத்தத்துக்கு நடந்து வருவார்கள். கடைசி ஆள் வந்ததும் தகரத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்த்த பிறகு அன்றைக்கு அதை யாரும் தொடமாட்டார்கள்.

எல்லோரும் வந்தார்கள். கடைசியாக டிரம்ஸ் நின்றது. மேகத்துக்குள்ளிருந்து தமீமும் நடந்து வந்தான். அந்த மேகத்துக்குப் பயந்தே நான்காம் வருடம் யாரும் வரவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தவன் விரலால் தாளம் போடவில்லை. சோற்றுத் தட்டிலும், பஸ் கம்பியிலும், அம்மாவின் முதுகிலும் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தவன் அவன். அக்கா தம்பிக்குள் ஒரு தாளம் இருந்தது: இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு. வந்தவனின் அறைக் கதவில் ஜஹீரா அதைத் தட்டியபோது அவன் திறந்து, என்ன வேண்டும் என்பதுபோலப் பார்த்தான். கோடையிலும் அந்த அறையில் நனைந்த பாசியின் வாடை அடித்தது.

"உசுரோட வந்துச்சே புள்ள, அது பத்தாதா ஒனக்கு?" என்று அதன்பின் வந்த அத்தனை வருடமும் அவள் வாயை அடைத்த அம்மா ரோஷன் பேகம், இப்போது படுத்த படுக்கையாகிவிட்டாள். நேற்று ஜஹீராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தமீமக் கூட்டியாந்துரு, ஜஹீரா. போறதுக்குள்ள ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்றாள். கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தவன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதனால்தான் வந்திருந்தாள். வந்தவன் தமீம் இல்லையென்று அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது என்பதே அவளை இங்கே தள்ளிக்கொண்டு வந்தது.

பாறை மறைந்தது. பிறகு பள்ளம். மேகம் புல்லைத் தடவிக்கொண்டு ஏறி வந்தது. அதற்குள்ளிருந்து கேட்டது. இரண்டு. இடைவெளி. மூன்று.

"பெரியம்மா, கேக்குதா?"

"காத்து தாயி." சிவபாக்கியம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் உள்ள போறேன். எந்தம்பி இன்னும் அங்கதான் இருக்கான்." ஜஹீரா மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டாள்.

"கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு?" என்றவள், ஜஹீராவின் கண்களைப் பார்த்ததும் அடங்கினாள். வரப்பில் கிடந்த தகரத்தை எடுத்துக் கல்மேல் வைத்தாள். "வெரசா போயிட்டு வெரசா வந்துரு. ஒரு காது இந்தச் சத்தத்துலயே கெடக்கட்டும். நீ வந்தாத்தான் கவுப்பேன்."

முதலில் ஈரமும் யூகலிப்டஸ் வாசனையும்தான் இருந்தன. பத்தடி போவதற்குள் அவற்றுக்கு அடியிலிருந்து வேறு வாடைகள் எழுந்தன, ஜெனரேட்டரின் டீசல், நனைந்த கூடாரத்துணி, சிகரெட், ஆயிரம் கால்கள் மிதித்துக் குழைத்த சேறு. செருப்பு அந்தச் சேற்றில் புதைந்தது. அவள் வந்தபோது தரை காய்ந்து கிடந்தது. காலில் ஏதோ தடுக்கியது. குனிந்து தொட்டாள். ஒயர். அதில் அத்தா சுற்றும் சிவப்பு டேப். பின்னால் தகரம் சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. முன்னால் டிரம்ஸ்.

ஒயரைப் பிடித்தபடி போனாள்.

தமீம் உட்கார்ந்திருந்தான். அன்றைய சட்டை. அன்றைய வயது. குச்சி பிடித்த உள்ளங்கைகள் வெடித்துப் பிளந்திருந்தன. அடிப்பதை நிறுத்தாமல் நிமிர்ந்தான்.

"அக்கா, எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கடா. நீதான் பாக்கி. எந்திரி. அம்மா தேடுது."

"எல்லாரும்னா," அவன் கண்கள் அவள் தோளைத் தாண்டிப் போயின, "ஒனக்குப் பின்னாடி நிக்கிறவங்க யாரு?"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் கால்கள் ஓடாது என்று தெரிந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஜில்லென்று இருந்தது, ஆனால் நாடி துடித்தது. இரண்டு. இடைவெளி. மூன்று. இவன்தான். இவனேதான். தகரச் சத்தத்தை நோக்கி அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள். சேறு விடவில்லை. ஓரடி. இன்னும் ஓரடி. பாசி வாடை.

பக்கத்தில் யாரோ கடந்து போனார்கள்.

சேறு அந்தக் கால்களைப் பிடிக்கவில்லை. மேகம் ஒரு கணம் விலகியதில் மஞ்சள் மழைக்கோட்டின் முதுகும் இடப்பக்கத் தோளில் ஒரு கிழிசலும் தெரிந்தன. ஜஹீரா குனிந்து தன் மேலைப் பார்த்தாள். அவளுடையதும் மஞ்சள்தான். அதே தோளில் அதே கிழிசல்.

"பெரியம்மா!" கத்தினாள். சத்தம் வாயருகிலேயே பஞ்சில் விழுந்ததுபோல அமுங்கியது. "அது நானில்ல! நிறுத்தாதீங்க!"

தகரம் நின்றது.

"வந்துட்டியா தாயி," வெகுதூரத்தில் சிவபாக்கியத்தின் குரல் தழுதழுத்தது. "பயந்தே போயிட்டேன். தம்பி கெடைக்கலயா?"

"இல்லைங்க பெரியம்மா." ஜஹீராவின் குரல். அவளுடைய குரலேதான். "உள்ள யாருமே இல்ல."

கல்லின் மேல் தகரம் கவிழ்ந்தது.

எந்தப் பக்கம் வயல், எந்தப் பக்கம் பள்ளம் என்பது அந்தச் சத்தத்தோடு போய்விட்டது. தமீம் அவள் கையிலிருந்து மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டான். போய் உட்கார்ந்து குச்சிகளை எடுத்தான். இன்னும் ஆட்கள் வர வேண்டியிருக்கிறது என்பதுபோல.

கை தட்டு. கேட்கும். பெரியம்மாவுக்குக் கேட்கும். ஜஹீரா ஓங்கித் தட்டினாள்.

"யாரோ கை தட்டுறாப்புல இருக்கே தாயி?"

"எதிரொலிங்க. வாங்க, அம்மா தனியாக் கெடக்கு."

காலடிகள் விலகிப் போயின. ஜஹீரா மறுபடியும் கைகளை விரித்தாள்.

அவை சேர்வதற்கு முன்பே, அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒன்றாகத் தட்டினார்கள்.