தோளில் நான்கு விரல்கள்

நெஸ்மாவைக் கடல் கொண்டுபோய் முப்பத்தெட்டாவது நாள், அவளுடைய படத்தில் அந்த விரல்கள் தெரிந்தன.

திரையில் ஏதோ அழுக்கு என்று நினைத்து ராவியா சட்டைக் கையால் துடைத்தாள். போகவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். நெஸ்மாவின் வலது தோளில், பழுப்புக் கம்பளிச் சட்டையின்மேல், நான்கு விரல் நுனிகள். வெட்டிய நகங்கள். பூச்சு இல்லை.

ராவியாவின் விரல்கள்தான். அவளே மறைத்தவை.

அலெக்சாந்திரியாவின் கடற்கரைச் சாலைக்குக் கீழே, அலைதடுப்புக்குப் போட்ட சிமென்ட் கட்டைகளின்மேல், கடல் அவளைக் கொண்டுபோன அன்று இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது. போனைக் கல்லில் சாய்த்துவைத்து, பத்து விநாடி கொடுத்து, ஓடிவந்து நின்றார்கள். மறுநாள் ராவியா இதே நாற்காலியில் உட்கார்ந்து படத்தில் தன்னைச் சுற்றிக் கோடு இழுத்தாள். தேர்ந்தெடுத்த உருவத்தின் விளிம்பில் புள்ளிக்கோடு எறும்புச் சாரையாக ஊர்ந்தது. படம் இருந்த அடுக்குக்கு, அதாவது லேயருக்கு, மாஸ்க் என்ற மறைப்பைப் போட்டு, தன்மேல் கறுப்பைத் தடவினாள். கறுப்பு பட்ட இடம் மறையும். கீழ் லேயரில் வைத்திருந்த வெறுங்கடல் அங்கே தெரியும். வெள்ளையைத் தடவினால் மறைந்தது திரும்ப வரும். தடவி முடித்தபோது நெஸ்மா தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தனக்கு அனுப்பிய கடைசிப் படம் என்று சொல்லி, ராவியா அதை அவள் அம்மாவுக்கு அனுப்பிவைத்தாள்.

இப்போது அந்த அம்மா, தாஹ்ரா, நாற்பதாம் நாளுக்கு அதைப் பெரிதாகக் கேட்டிருந்தாள்.

விரல்களில் ஏதோ விட்டுப்போயிருக்கும். ராவியா கறுப்புத் தூரிகையை எடுத்து ஒவ்வொன்றாகத் தடவினாள். மறைந்தன.

"இன்னும் முடியலையா?" ஸ்டூடியோ முதலாளி முராத் கோட்டை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "பீரங்கி போட இன்னும் கால் மணிதான் இருக்கு. நோன்பு திறக்க அந்த மவுஸைக் கடிக்கப் போறியா?"

"பிரின்ட் போட்டுட்டுப் போயிடறேன், உஸ்தாத்."

"எப்பவும்போல அழிக்காதே, மறைச்சு மட்டும் வை. இந்த ஊரு ஜனம் இன்னிக்கு மருமகனக் கல்யாண ஆல்பத்துல மறைக்கச் சொல்லும். பெருநாளைக்குச் சமாதானமாயி, எங்க மாப்பிள்ளை எங்கன்னு சண்டைக்கு வரும்." மேசையில் நாலு பேரீச்சம்பழம் வைத்தார். "மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? முதல்ல தண்ணி குடி."

அவர் இறங்கிப்போன சத்தம் படிகளில் தேய்ந்து, ட்ராமின் கடைசி மணி தேய்ந்து, கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிய செருப்புச் சத்தமும் தேய்ந்தபோது, தெருவுக்குக் குறுக்கே கட்டிய வண்ண விளக்குகள் மட்டும் காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. எங்கோ பீரங்கி முழங்கியது. பிறகு எல்லா ஜன்னல்களிலிருந்தும் கரண்டி தட்டில் படும் ஒலியும், பூண்டு தாளிக்கும் வாசமும் வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. பாசி. ஈரக் கம்பளி.

பேரீச்சம்பழம் நாக்கில் உப்புக் கரித்தது.

பிரின்டர் தாளைத் தள்ளியது. கடல் முதலில் வந்தது, பிறகு நெஸ்மாவின் தலைத்துணி, சிரிப்பு, தோள். தோளில் விரல்கள். விரல்களுக்குப் பின்னால் மணிக்கட்டு. மணிக்கட்டுக்குப் பின்னால் ஒரு சட்டைக் கை, சொட்டச் சொட்ட நனைந்தது.

படம் எடுத்தபோது இருவருமே நனைந்திருக்கவில்லை.

ராவியா திரையைப் பார்த்தாள். லேயருக்குப் பக்கத்தில் மாஸ்க்கின் சின்னக் கட்டம். வெள்ளைப் பரப்பில் கறுப்பு உருவம், அவள் உயரம், அவள் நிற்கும் விதம். அந்தக் கறுப்பின் கையிலிருந்து வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது. அவள் மவுஸைத் தொடவில்லை. முழங்கை வெளுத்தது. தோள் வெளுத்தது.

படத்தில் முழங்கை வந்தது. தோள் வந்தது.

அவள் கறுப்பைத் தடவினாள். வேகமாக. தடவிய இடமெல்லாம் ஈரம் மினுங்கித் திரும்ப வந்தது. நீரில் ஊறிச் சுருங்கிய தோல். நடுவிரலில் பச்சைக்கல் மோதிரம்.

ராவியா மோதிரம் போடுவதில்லை. அது நெஸ்மாவுடையது.

சிரிக்கும் நெஸ்மாவின் பின்னால், ராவியா நின்றிருந்த இடத்தில், இன்னொரு நெஸ்மா. முகம் மட்டும் இன்னும் வரவில்லை. கழுத்துக்குமேல் கடல் அசைந்தது.

லேயரை நீக்கும் பொத்தானை அழுத்தினாள். திரை அணைந்தது.

போன் அடித்தது. எடுக்கும்போது ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது.

"ராவியா, கீழ வாசல்ல நிக்கிறேன்மா," தாஹ்ராவின் குரல். "ஷட்டர் பாதி இறங்கியிருக்கு, குனிய முடியல. உனக்குப் பருப்பு சூப்பு கொண்டாந்திருக்கேன். அவளும் நீயும் ஒரே கோப்பையில குடிப்பீங்களே, அதேதான்."

"வரேன், ஆன்ட்டி."

எழ முடியவில்லை. வலது தோளில் பாரம். சட்டை வழியாக ஈரம் இறங்கியது. நான்கு விரல்கள். நடுவிரலின் மோதிரம் உறுத்தியது.

"ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தத் தெருவே அவ குதிச்சான்னு பேசுது. நாளன்னைக்கு அத்தனை பேர் நடுவுல நான் எந்த மூஞ்சியோட உக்காருவேன்? எம் பொண்ணு அப்படிப் பண்ணுவாளா? உனக்குத் தெரியாததா?"

ராவியா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"ராவியா, பக்கத்துல யாரு? தண்ணி சொட்டுற சத்தம் கேக்குதே."

அணைந்த திரையில் ராவியாவின் முகம் தெரிந்தது. அதற்குமேல் இன்னொன்று. குனிந்தது.

"அவ குதிக்கல, ஆன்ட்டி."

விரல்கள் இறுகின.

"வழுக்கிட்டா. நானும் கூடத்தான் இருந்தேன். அந்தப் படத்துல நானும் இருந்தேன்."

கட்டைவிரல் பின்கழுத்தில் வந்து பதிந்தது. குளிர்ச்சி. தண்ணீர் முதுகில் வழிந்து, நாற்காலியில் வழிந்து, தரையில் சொட்டியது.

"கையப் பிடிச்சிருந்தேன். அவளும் பிடிச்சிருந்தா. விடவே இல்ல அவ."

காதருகே ஈரமான வாய் ஒன்று திறந்தது. காத்திருந்தது.

"நான்தான் விட்டேன்."