வீக்கம் வடியும் வரை

கொழுப்பு உறிஞ்சும் அறுவை முடிந்த மறுநாள் பிற்பகல், இளையவளைக் கைத்தாங்கலாக அந்தப் பழைய மாடிவீட்டுக்குள் அழைத்துவந்தாள் அக்கா. நோயாளிகள் தங்கித் தேறுவதற்காக கிளினிக்காரர்கள் எடுத்திருந்த வீடு. ஜன்னல் நிறைய வெயில் விழுந்தும் அறைக்குள் ஈரத்துணி நாற்றம் போகவில்லை.

துணிக்கடையில் நிலைக்கண்ணாடிகளுக்கு நடுவே நாள் முழுக்க நிற்பவள் இளையவள். இரண்டு பிள்ளை பெற்ற இடுப்பைப் பார்த்துப் பார்த்தே நொந்துபோனவள். மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: எடை குறையாது, வடிவம்தான் கொஞ்சம் மாறும், வீக்கம் வடியவே மாதங்கள் ஆகும், அதுவரை இறுக்கு உடை போட்டே இருக்க வேண்டும். அக்காவோ பெருத்த உடம்புக்காரி, அதற்காக ஒரு நாளும் வருந்தாதவள். "முன்னாடியே சொல்லியிருந்தா என் இடுப்பையும் சேர்த்துக் குடுத்துவிட்டிருப்பேன்" என்று சிரித்துவிட்டு, சாப்பாடு வாங்கக் கீழே போனாள்.

இளையவள் கண்ணை மூடினாள்.

இறுக்கு உடைக்குள் ஒரு விரல் நகர்ந்தது.

பிறகு ஐந்தும்.

ஜில்லிட்ட விரல்கள் இடுப்புச் சதையைக் கிள்ளித் தூக்கி, இன்னும் எவ்வளவு தேறும் என்று பார்ப்பதுபோல் பிடித்திருந்தன. காதோரம் ஒரு பெண்ணின் மூச்சு.

"இன்னும் இருக்கு."

கட்டிலோர மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிட்டாள்.

அவள் சொன்னதை நர்ஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "மரத்த இடத்துல உணர்வு திரும்புறப்போ ஊர்ற மாதிரிதாம்மா இருக்கும்." விரல் பதிந்த தடங்களைக் காட்டினால், கன்றிப்போவது சகஜம் என்றாள். குரலைச் சொன்னால், மயக்க மருந்தின் மிச்சம் என்றாள். மருத்துவரும் அதையே சொன்னார். மாற்றித் தர வேறு அறை இல்லை. எழுந்து ஓட உடம்பில் தெம்பில்லை. பிற்பகல்தோறும் விரல்கள் வந்தன.

அக்கா மட்டும் நம்பினாள். ஒரு நாள் தங்கையின் முகம் வெளிறுவதைக் கண்டதும், கட்டிலில் ஏறி அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அவ பச்ச உடம்புக்காரி. விட்டுடு. வேணும்னா என்கிட்ட வா."

கிள்ளல் நின்றது.

வீடு திரும்பிய பின் வீக்கம் மெல்ல வடிந்தது. மருத்துவர் சொன்னபடியே இடுப்பு கொஞ்சம்தான் இளைத்திருந்தது. இளையவளுக்கு அதுவே போதும். ஆனால் அக்கா தட்டைப் பாதியில் தள்ளிவைக்கத் தொடங்கினாள். கேட்டால் பசியில்லை என்றாள். சிரிப்பும் குறைந்துபோனது.

ஒரு காலை, குளியலறையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "முதுகுல என்னமோ ஊருது. என்னன்னு பாருடி."

இளையவள் போய்ப் பார்த்தாள். கத்தியே படாத அந்த ஈர முதுகில், எங்கெங்கே உறிஞ்ச வேண்டும் என்று அறுவைக்கு முன் மருத்துவர் பேனாவால் போடும் நீல வட்டங்கள். சோப்பு போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தோளுக்குக் கீழே இன்னொரு கோடு மெல்ல வளைந்து வந்து வட்டமாய் மூடியது.